ஒரு வயது கூட்டிப் போட்டேன்

2018. ஷார்ஜாவில், விசா மனுக்களை அரபியில் அடித்துத் தரும் டைப்பிங் சென்டர் அது. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்த என் மகனின் பாஸ்போர்ட்டை, அங்கே டைப் அடிக்கும் கீழக்கரைக்காரர் புரட்டினார். பக்கத்து நாற்காலியில் மகன்.

"அண்ணே, புள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சே. காலேஜ் லெட்டர் இருக்கா?"

"பிளஸ் டூவுல கணக்கு போயிருச்சு பாய். திரும்ப எழுதணும்."

"அப்ப மாஃபி, கிடைக்காது. பொம்பளப் புள்ளைன்னா கல்யாணம் வரைக்கும் ஒங்க விசாவுலயே வச்சிக்கலாம். ஆம்பளப் புள்ளைக்குப் படிப்பு இல்லன்னா பதினெட்டோட கலாஸ், முடிஞ்சிது."

"நெசமா அவனுக்குப் பதினேழுதான்."

"எல்லாரும் இதத்தாண்ணே சொல்றாங்க. எனக்குங்கூட நெசமா முப்பதுதான்," என்று வழுக்கையைத் தடவிக் காட்டினார். சிரிக்க முயன்றேன். வரவில்லை.

நிஜமாகவே பதினேழுதான். ஊரில் பிறப்பைப் பதியப் போன அன்று, பிறந்த தேதியை ஒரு வருடம் முந்தியதாகப் போடச் சொன்னவன் நான். எங்கள் பக்கம் எல்லா அப்பாக்களும் செய்வதுதான்: பிள்ளை ஒரு வருடம் முன்னால் பள்ளிக்குப் போகும், ஒரு வருடம் முன்னால் வேலைக்குப் போகும். அப்போது ஜெபல் அலியில் கிடங்கு வேலை எனக்கு உறுதியாகியிருந்தது. அவன் ஒரு வருடம் முன்னால் தலையெடுத்தால் நான் ஒரு வருடம் முன்னால் ஊர் திரும்பலாம். அவ்வளவு பேராசை. பிறந்து பால் மணம் மாறாத உடம்பின் மேல், இல்லாத முந்நூற்றுச் சொச்சம் பகல்களை ஏற்றினேன். மூன்று வயதில் இங்கே வந்தான். வகுப்பில் எந்த வருடமும் அவன்தான் குட்டி. கணக்கு அவனுக்கு எப்போதும் ஒரு வருடம் பெரிதாகவே இருந்தது. வயதைக் கூட்டிப் போட்டதை அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது சொன்னேன், அந்த நாற்காலியிலேயே.

"ஸோ, ஐ ஹேவ் ஒன் மோர் இயர்?" முகம் மலர்ந்தது.

"பேப்பர்ல இல்லடா."

மலர்ந்தது அப்படியே நின்று, பிறகு மெல்ல வாடிற்று. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த தேதியைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தான்.

"ஊர்ல யார் கூடப்பா இருக்கணும்?"

"மாமா வீட்ல."

"மாமா எப்படி இருப்பாரு?"

விசா ரத்துக்கான மனுவைக் கீழக்கரைக்காரர் என் பக்கம் தள்ளினார். ஸ்பான்சராக நான் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது. மாமா எப்படி இருப்பார் என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டே, அவனை அனுப்புவதற்குக் கையெழுத்துப் போட்டேன்.