சுவருக்கு அந்தப் பக்கத்து மண்

என் கொழுந்தனின் மனைவிக்குத் தோட்டம் நன்றாக வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? மாமனார் விட்டுப்போன ஒரே மனையை இரண்டாகப் பிரித்து, நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சுவர் வைத்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். தூத்துக்குடியில் கடலுக்கு இவ்வளவு கிட்டே தோண்டினால் வருவது மணலும் உடைந்த சிப்பியும்தான். இரண்டு பக்கமும் அதே மணல், அதே உப்புக்காற்று. ஆனால் அவள் பக்கம் கத்தரி காய்த்துத் தொங்கும். என் பக்கம் அதே நாற்று, அவளே கொடுத்தது, முழங்கால் உயரத்தில் நின்றுபோகும்.

அவள் வீட்டில் இருக்கிறவள், நேரம் கிடைக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். நானோ காலையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏஜென்ட் ஆபீசுக்குப் பஸ் பிடித்து ஓடுகிறவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் தோட்டத்தில்தான் கிடப்பேன் என்பதும் உண்மை. என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு சுவரோரம் போய் நின்று, "இந்த வெண்டக்காயைப் பாரேன், தொட்டாலே ஒடியும் போல இருக்கு" என்பார். அதையும் என்னிடமே சொல்வார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில் வெண்டைக்காய் இருக்காது.

என் பக்கம் இருந்து அவள் பக்கம் இல்லாதது ஒன்றே ஒன்று, எலுமிச்சை. மூன்று வருஷம் வளர்த்தும் பூ வைக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவளுடைய தக்காளி அடியில் கறுத்து அழுகியது. சங்கு அறுக்கிற இடத்திலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி வாங்கிப் போட்டாள், அடுத்த காய்ப்பில் அழுகல் நின்றுவிட்டது. நான் சும்மா இருப்பேனா? இரண்டு கிலோ வாங்கி எலுமிச்சைக்குப் போட்டேன். அவள் தக்காளி இருந்தது தென்னைநார்க் கழிவு நிரப்பிய பையில், அதில் சுண்ணாம்புச் சத்து இருக்காது. என் எலுமிச்சை நிற்கிற மண்ணோ பாதிக்குப் பாதி சிப்பி, அதுவே சுண்ணாம்பு. இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அவள் போட்டாள், நானும் போட்டேன். ஒரு மாதத்தில் தளிரெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

யூரியாப் பொட்டலத்தோடு நின்ற என்னை அவள் சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அதைப் போடாதிய. தழைச்சத்து பத்தலன்னா அடி இலைதான் முதல்ல மஞ்சளாவும். இங்கன அடி இலை பச்சையாத்தானே இருக்கு? தளிர்தான் மஞ்சளு, அதுலயும் நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச் சத்து கிடைக்காம வாரது. மண்ணுல இருக்கும். சுண்ணாம்பு கூடிட்டுன்னா வேரு அதை எடுக்காது."

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு வாங்கி, அதில் துளியூண்டு எடுத்துத் தண்ணீரில் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ இலையில் தெளிக்கச் சொன்னாள். பிடிக்காமல்தான் தெளித்தேன். புதுத் தளிர் பச்சையாக வந்தது. அடுத்த இரண்டாவது மாதத்தில் மொட்டும் வைத்தது. எனக்கு ஒரு நாள்தான் சந்தோஷம். மறுநாளே என் வீட்டுக்காரர், "எல்லாம் அவ வைத்தியம்" என்று தெருவில் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மரம் என்னுடையது, பேர் அவளுக்கு. பூத்ததுதான் அவளால் என்றாகிவிட்டது, காய்ப்பதாவது என் கைப்பக்குவத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்தது.

அப்போது பார்த்து உடன்குடியில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இருபது நாள் கழித்துத்தான் வருவேன் என்று சாவியை என்னிடம் கொடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் நான் தண்ணீர் விடவில்லை. அவள் பாத்தியில் மூடியிருந்த சருகை ஒதுக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை இறங்கியது. கறுப்பு மண், பொலபொலவென்று உதிர்ந்தது, மழை பெய்த வாசம் அடித்தது, மண்புழு நெளிந்தது. அவள் தழையுரத்துக்கென்று சணப்பை விதைத்து, பூக்கும்போது மண்ணோடு மடக்கிக் கொத்தியதை, சாணியும் இலையும் மாற்றி மாற்றி அடுக்கி மாதக்கணக்கில் மக்க வைத்ததை எல்லாம் நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்தவள்தான். என் பக்கம் வந்து அதேபோல் கை விட்டேன். நகம்தான் வலித்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் கொட்டகையில் நாலு மூட்டை கடல்பாசி இருந்தது. கீழவைப்பார்க் கரையில் ஒதுங்கியதை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியதை நானே பார்த்திருக்கிறேன். பாசி போட்டால் பூ உதிராமல் காயாகும் என்று அவள் யாரிடமோ சொன்னதும் காதில் விழுந்திருந்தது. இதுதான் அவள் ரகசியம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். போனில் கேட்டிருந்தால் எடுத்துக்கோங்க என்றிருப்பாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒரு மூட்டையைத் தூக்கி வந்து எலுமிச்சையைச் சுற்றி மொத்தமாகக் கொட்டி, வெளியே தெரியாமல் சருகு போட்டு மூடி, எங்கள் போர்வெல் தண்ணீரை விட்டேன். அதுவும் உவர்த் தண்ணீர்.

பத்து நாளில் இலை நுனி கருக ஆரம்பித்தது. மொட்டு கொட்டியது. அவள் ஊரிலிருந்து வந்து பையை வைத்த கையோடு நேரே என் எலுமிச்சையைப் பார்க்கத்தான் வந்தாள். நாலைந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உப்புதான்க்கா இது. பாசி ஏதும் போட்டியளா?"

"நான் என்னத்தப் போட்டேன்? கடல்காத்துளா" என்றேன்.

"காத்துன்னா கடல் பாத்த பக்கம்தானே கருகும்? இது சுத்திச் சுத்தி நுனியெல்லாம் கருகியிருக்கு. வேரு குடிச்ச உப்பு."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் மொட்டைமாடி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த கறுப்பு டேங்கில் ஹோஸைச் செருகி, மறுமுனையைச் சுவர் தாண்டிப் போட்டாள். நல்ல தண்ணீர் ஊற ஊற உப்பு கீழே இறங்கிவிடும், வேறு வழியில்லை என்றாள். இரண்டு நாளாக விட்டு விட்டுத் தண்ணீர் பாய்ச்சினாள். டேங்க் காலியாகும் வரை விட்டாள்.

அந்த வாரம் மாநகராட்சித் தண்ணீர் வரவில்லை. எங்கோ குழாய் உடைப்பு என்றார்கள். வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து வந்து சுவரோரம் பார்த்தேன். அவள் தக்காளியெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது அதுதான். என் எலுமிச்சைக்காகத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவள் செடி சாகிறது, அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கிறது. நான் இவ்வளவு மோசமானவளா?

சமையலுக்கு என்று வைத்திருந்த இரண்டு குடம் நல்ல தண்ணீரையும் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன்.

"ஏளா, தக்காளிக்கு ஊத்து. அந்தப் பாசி உன் மூட்டையில நான் எடுத்ததுதான். பொய் சொல்லிட்டேன்."

அவள் குடத்தை வாங்கி இறக்கி வைத்தாள்.

"தெரியும்க்கா. அன்னைக்கே சருகைக் கிளறிப் பாத்தேன். மூணு மூட்டை உப்புப் போக அலசிக் காய வச்சது. நீங்க எடுத்தது ஒண்ணுதான் அலசாதது. எல்லாத்தையும் ஒண்ணா வச்சிட்டு, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனது என் தப்புதான். மனசுல வச்சுக்காதிய."

திருடியவள் நான், பொய் சொன்னவளும் நான். மன்னிப்புக் கேட்டது அவள். அதையும் பாவனையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவள் தப்பு என்று நினைத்துத்தான் கேட்டாள். அவள் கத்தரியைப் பார்த்தும் தக்காளியைப் பார்த்தும் இத்தனை வருஷம் பட்ட பொறாமையெல்லாம், இப்போது அவள் மனசைப் பார்த்து வந்த பொறாமைக்கு முன்னால் ஒரு பொறாமையே இல்லை என்று அந்த வாசலில் நின்றபோது எனக்குத் தெரிந்தது.