இஸ்திரி போட்ட எழுத்து

பட்டறையில் சிலிண்டர் வெடித்து இரண்டு கண்ணும் போன பிறகும் வெல்டருக்கு வாய் மட்டும் குறையவில்லை. ஆனால் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது அந்த வாயும் அடைத்துப்போகும். அவள் கதவை வெளியே பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அந்தச் சத்தம் அவருக்குச் செருப்படி மாதிரி இருக்கும்.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஒருநாள் தனியாக வெளியே போன மனுஷன் லாரியில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினார். அன்றிலிருந்துதான் பூட்டு.

"நான் என்ன திருடனா, பூட்டி வைக்கிறதுக்கு?"

"கண்ணில்லாதவங்க தடவிப் படிக்கிற புள்ளி எழுத்துல ஒரு வரி படிச்சுக் காட்டுங்க. அப்ப உங்களால தனியா சமாளிக்க முடியும்னு நம்புறேன். அன்னைக்கே பூட்டைத் தூக்கிப் போட்டுடறேன்."

சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்துபோனார். அவருக்கும் பார்வை கிடையாது; கோலைத் தட்டிக்கொண்டு, பஸ் மாறி, தன்னந்தனியாக வருவார். கெட்டித்தாளில் ஊசியால் குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள்தான் பாடம். வெல்டரின் விரல்களோ நெருப்பில் காய்த்துப்போனவை. மாதக்கணக்கில் தடவியும் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"இந்த விரலை வெச்சு ஆணிதான் அடிக்கலாம் டீச்சர்."

"சுண்டுவிரலால தடவிப் பாருங்க. அது வேலை செய்யாத சோம்பேறி, தோல் மெத்துனு இருக்கும்."

அட, பிடிபட்டது! எழுத்து எழுத்தாக, தட்டுத்தடுமாறி, வரி வரியாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியை எதிரே உட்காரவைத்துப் பாடத்தாளை எடுத்தார். சுண்டுவிரல் ஓடியது. ஒன்றுமே இல்லை. தாளைத் திருப்பினார், அடுத்ததை எடுத்தார். எல்லாம் வழவழவென்று கிடந்தன. இருந்த ஒரு விரலும் மரத்துவிட்டது என்றே நினைத்தார்.

"போதும்மா. நீ பூட்டிட்டே போ" என்றவர், சின்னப்பிள்ளை போல விம்மி அழுதார்.

அடுத்த முறை வந்த டீச்சர் தாளைத் தொட்டதுமே கத்தினார். "இதுக்கு யாரு இஸ்திரி போட்டது?"

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பொழுதன்னைக்கும் படுக்கை விரிப்பு தேய்ப்பவள். "நான்தான்... தாள் கசங்கி மேடும் பள்ளமுமா கெடந்துச்சு. படிச்சுக் காட்டுற நாள்ல நல்லா இருக்கட்டுமேனு..." தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். "ஐயோ, என் கையாலயே அழிச்சிட்டேனே!"

"உங்க விரலுக்கு ஒண்ணும் ஆகலை சார். புதுசா எழுதித் தரேன்" என்றார் டீச்சர்.

மனைவி எழுந்துபோய் டீச்சர் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். ஊசி குத்தும் சத்தம் கேட்டது. தாள் வெல்டர் மடிக்கு வந்தது. சுண்டுவிரலை வைத்தார்.

"இ... னி..." நிறுத்தினார். திரும்பவும் தடவினார். "இனி... பூட்ட... மாட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் காலை அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டுச் சத்தம் வரவில்லை. படியிறங்கும் சத்தமும் வரவில்லை. வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வந்தார்.

"அங்கயே ஏன் நிக்கிற? நேரமாச்சு, கிளம்பு!" என்று அதட்டிவிட்டு, உள்ளே தாழ்ப்பாளைத் தடவி, தன் கையாலேயே போட்டுக்கொண்டார்.