விருப்பமில்லை என்று ஒரு கையெழுத்து

என் கணவர் ராணுவத்தில் நாயக். அடுத்த பதவியான ஹவில்தார் ஆக வேண்டுமென்றால் ஒரு பயிற்சிக்குப் போய்த் தேற வேண்டும். போன வருஷம் ஃபெயில். அதனால் இந்த முறை விடுமுறையில் உப்பளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்ததும் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்பேன். டக் டக்கென்று பதில் சொல்வார். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு நாள் தவளக்குப்பத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனவர் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். மூன்று மணிக்கு அவருடைய மேலதிகாரி சுபேதார் அதில் கூப்பிட்டார். தமிழ்க்காரர்தான்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன் பயிற்சிக்கு விருப்பமில்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கான், தெரியுமா? அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயிடும். அதுக்குள்ள வாபஸ்னு எழுதி போட்டோ அனுப்பச் சொல்லு. இத விட்டா வயசு தாண்டிடும். நாயக்காவே வீட்டுக்கு வர வேண்டியதுதான்."

இருபது நாளாக என் எதிரே உட்கார்ந்து நாடகமாடியிருக்கிறார் மனிதர். அக்கா வீட்டுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். பஸ் பிடித்து வந்து சேரும்போது நாலேகால்.

"ஏங்க எழுதிக் குடுத்தீங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "போன வருஷம் முப்பது பேர் முன்னாடி நின்னு இந்தியில பாடம் எடுக்கச் சொன்னாங்க. பாதியில வாயடைச்சுப் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. உங்கிட்ட பரீட்சை கஷ்டம்னு சொன்னது பொய்."

"சிரிச்சா சிரிக்கட்டும், பல்லு அவங்களுது. அதுக்காக இத்தினி வருஷ உழைப்பத் தூக்கிப் போடுவீங்களா?" வாய்க்கு வந்தபடி திட்டினேன். பயந்தாங்கொள்ளி என்றும் சொல்லிவிட்டேன். எல்லையில் நின்ற மனிதரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் கோபப்படவில்லை.

"நீ மட்டும் என்ன? வார்டு பொறுப்பு குடுத்தாங்க, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்த. பசங்கள யார் பாத்துப்பாங்கன்னு எங்கிட்ட சொன்ன. டாக்டருங்க மீட்டிங்ல எழுந்து பேச பயந்துதான்னு எனக்குத் தெரியாதா?"

மணி நாலரை. அவர் நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"நீ எழுது. அப்பறம் நான் எழுதறேன்."

அழுகையும் ஆத்திரமுமாக எழுதினேன். பொறுப்பை ஏற்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் பேனாவை வாங்கினார். ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது போட்டோ போய்ச் சேர்ந்தது.

பயிற்சியில் அவர் தேறிவிட்டார். பாடம் எடுக்கும்போது இந்த முறையும் சிரித்தார்களாம், இவர் நிறுத்தவில்லையாம். இப்போது சட்டைக் கையில் ஹவில்தாருக்கான மூன்று பட்டை. தேறிய அன்றைக்குப் போனில் அவர் முதலில் கேட்டது, "உன் லெட்டர குடுத்துட்டியா?"

குடுத்தாச்சு என்று சொன்னேன். அது இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.