இரண்டாவது கியரில் வந்த சத்தம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில்தான் எங்கள் வீடு. என் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முடிந்து வரும்போது ஆளே துவண்டு போயிருப்பார். ஒரு தடவை ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் என் தோளிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், கார் ஓட்டக் கற்றுக்கொள்வதென்று. ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு இது தேவையா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே! ஓட்டிப் பழகி லைசென்ஸும் எடுத்தேன், பழைய சின்ன கார் ஒன்றை வாங்கினோம்.

என் கணவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிரிவலப் பாதையில் செருப்புக் காலோடு போகக் கூடாது, காரில் போனாலும் அதே சட்டம்தான். நானும் காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் காலோடுதான் ஓட்டுவேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டு, பாடம் நடத்தாத நாளே கிடையாது.

இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது வினை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டால் கேட்கவே வேண்டாம், தெரு நாய்கூட எழுந்து பார்க்கும். தினமும் வந்தாலாவது பரவாயில்லை. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

"கிளட்சை முழுசா மிதிடி. கியரை இந்தக் கடி கடிக்கிறியே, அது என்னா கரும்பா?" என்பார் அவர்.

"முட்டற வரைக்கும் மிதிக்கிறேங்க. இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுக்குத்தான் போவும்" என்பேன் நான்.

ஆஸ்பத்திரியில் அவரை விட்டுவிட்டு மெக்கானிக் கடைக்குப் போனேன். இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க, மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். சத்தமே இல்லை. சரி, என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். டவுன் ரோடுதானே என்று செருப்போடே ஓட்டினேன். அப்போதும் பாழாய்ப்போன கார் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. எனக்கு மானமே போயிற்று.

"கிளட்ச் பாதியில நின்னாதாம்மா இப்படி கடிக்கும். நீங்க முழுசா மிதிக்கிறது நிஜம்னா, கியர் பாக்ஸை இறக்கித்தான் பாக்கணும். கொஞ்ச நாளு வண்டி இங்கயே நிக்கணும்" என்றார் மெக்கானிக்.

வண்டி நின்றால் டயாலிசிஸுக்கு எப்படிப் போவது? சென்னையில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். அவன் வேறு பாட்டுப் பாடினான். "காரை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா. உனக்கு இந்த வயசுல எதுக்கு ஸ்டியரிங்?" என் கணவர் போனைக் காதில் வைக்கவே மறுத்துவிட்டார். காலையில் கண் விழித்தால் மலை தெரியாத ஊரில் அவரால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. என்னதான் வீராப்பாகப் பேசினாலும், எனக்கும் உள்ளுக்குள் நம்பிக்கை விட்டுப்போயிற்று. மெக்கானிக் முன்னால் வராத சத்தம் மற்ற நேரத்தில் வருகிறதென்றால் கோளாறு என்னிடம்தானே? இந்த வாரம் முடியட்டும், காரை விற்றுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் பௌர்ணமியும் டயாலிசிஸும் ஒரே நாளில் வந்தன. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே டவுனுக்குள் போய்விட வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பினோம். ஆனால் அதற்குள் கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது. முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாற்றி மாற்றி ஊர்ந்தேன். அன்றைக்கென்று சத்தம் ஜாஸ்தி. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்சம் இடம் கிடைத்ததும் வேகம் எடுத்தேன். முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, கூட்டத்தைச் சுற்றிப் போக நடு ரோட்டுக்கு வந்துவிட்டாள். பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதியிலேயே நின்றுவிட்டது! மறுபடியும் ஓங்கி மிதித்தேன். இறங்கவில்லை. கார் போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்திலிருந்து ஒரு கை வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போன, டம்ளரைப் பிடித்தாலே நடுங்குகிற அதே கை. கார் ஒரு குதி குதித்து அணைந்து நின்றது. அந்தப் பெண்ணின் புடவைக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று யாரோ குரல் கொடுக்க, அவளும் சேர்ந்து சொல்லிக்கொண்டு நடந்தாள். இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஓரமாக நின்ற நாலு பேர் காரைத் தள்ளி ஒதுக்கி விட்டார்கள். இவர் இறங்கி என் பக்கம் வந்து, மூச்சு வாங்கக் குனிந்து, பிரேக்குக்கு அடியிலிருந்து எதையோ உருவி எடுத்தார். என் செருப்பு! திருப்பிப் பார்த்தால் பெடல் அழுத்திய தழும்பு ஒன்றல்ல, வரி வரியாக இருந்தது. இத்தனை நாளாக அது சீட்டுக்கு அடியிலிருந்து வழுக்கி வந்து கிளட்சுக்குக் கீழே கிடந்திருக்கிறது. புடவை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. மெக்கானிக் கடையில் அவர் ஓட்டியபோதும் நான் ஓட்டியபோதும் அது என் காலில் இருந்தது. பிறகு எப்படிச் சத்தம் வரும்? அன்றைக்கு ஊர்ந்து நின்று ஊர்ந்து நின்று பிரேக் பக்கம் நகர்ந்துவிட்டது.

"இந்தா, உன் கியர் பாக்ஸு" என்று என் மடியில் போட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. "செருப்பைக் கழட்டச் சொன்னேன். எங்க வைக்கணும்னு சொல்லலியே. பஸ்ஸுல நான் சீட்டுக்குப் பின்னாடி வைப்பேன். தப்பு என்னுதுதான்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

செருப்பை டிக்கியில் போட்டுவிட்டு, வெறும் காலோடு கிளட்சை மிதித்தேன். தரை வரைக்கும் இறங்கியது. முதல் கியர், இரண்டாவது கியர், ரிவர்ஸ், எதிலும் ஒரு சத்தம் இல்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்கள், அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

காரை விற்கவில்லை. மகனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் நான்தான் ஓட்டுகிறேன், அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிறார். எங்கிருந்து வந்தவளோ அந்தப் பெண், தனக்குப் பின்னால் என்ன நடந்ததென்றே தெரியாமல் மலையைச் சுற்றி முடித்து வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனால் நான் ஒவ்வொரு முறை சாவியைத் திருகும்போதும், அவள் இடுப்பிலிருந்து சிரித்த அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.