கிழங்கு ஆலைத் தண்ணீரும் இரண்டு கருவிகளும்

கழிவுநீரில் விஷம் பார்ப்பவனுக்கு முதல் சந்தேகம் கருவி மேல்தான் வரவேண்டும், தண்ணீர் அப்புறம். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

மலாயாவில் அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை. லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், அதற்குள் மரவள்ளி மாவு ஆலை. கிழங்கு கழுவிய தண்ணீரில் சயனைட் இருக்கும். அது நேராக ஓடைக்குப் போகும். ஆலையில் கணக்கெழுதும் கிராணியான என்னிடம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இரண்டு கருவிகளைக் கொடுத்து, எது உருப்படி என்று பார்க்கச் சொன்னார். ஒன்று மருந்தில் நனைத்த மஞ்சள் காகிதம். தண்ணீர்ப் போத்தலுக்குள் தொங்கவிட்டால், விஷத்துக்குச் செங்கல் நிறமாகும். மற்றது கப்பலில் வந்த பெட்டி. தண்ணீரில் மருந்து விட்டு, சிவக்கும் நிறத்தைக் கண்ணாடி வில்லைகளோடு ஒப்பிடவேண்டும்.

அவசரம் எனக்கில்லை, வீரம்மாவுக்கு. இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவள். கூலிக்காரர் குடியிருந்த லயத்தையும் ஆலையையும் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். உள்ளே மாடு குடிக்க அந்த ஓடைதான். நான் சொல்லும்வரை விடாதே என்றேன். பாவம், குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்துச் சுமந்தாள்.

கேட்டில்

சோதனை அறை கம்பிக்கு வெளியே ஆபீசில். காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போகிறதா என்று கேட்டில் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். காவலுக்கு ஆரோக்கியம். என் போத்தல்களின் மூடிகளைக் கழற்றி வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு, பெண்களின் தூக்குச்சட்டிகளைப் பார்க்கப் போய்விட்டான். அறைக்கு வந்து பார்த்தால் காகிதமும் மஞ்சள், பெட்டியும் சுத்தம். விஷம் காற்றோடு போயிருந்தது. நல்லவேளை, வீரம்மாவிடம் சொல்வதற்குள் உறைத்தது. மறுநாள் மூடியைத் தொடாதே, விஷம் என்று கத்தினேன். சிரித்தான்.

"விஷத்தை யாராச்சும் இவ்வளவு இறுக்கி மூடுவாங்களா கிராணி? உள்ள நல்ல சரக்கு இருக்குலா!"

ரப்பர் நிழலில்

போத்தலைத் தூக்கினால்தானே வம்பு? கருவிகளை ஆலை வடிகாலுக்கே கொண்டுபோனேன். துரையும் வந்தார். காகிதம் செங்கல் நிறம். பெட்டி சுத்தம் என்றது. துரை பெட்டி கட்சி. எனக்கு எரிச்சல். சுற்றிப் பார்த்தேன். தலைக்கு மேல் முழுக்க ரப்பர் இலை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் சிவப்பு எப்படித் தெரியும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பியோரம் மரம் வெட்டிய வெட்டவெளிக்குப் போனேன். அங்கே யாரும் நிற்கக்கூடாது, கண்டால் சுட உத்தரவு. ஆரோக்கியம் துப்பாக்கியோடு கூச்சல் போட்டான். துரை குனிந்தபடியே ஓடிவந்து பார்த்தார். நல்ல சிவப்பு. தோட்டத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"பெட்டி நல்ல பெட்டி. மரம்தான் மோசம்."

குளத்தோரம்

நான் காகிதத்துக்கே ஓட்டுப் போட்டேன். அதற்கு வானம் வேண்டாம், துப்பாக்கிக்காரன் தயவும் வேண்டாம். கேட்டில் பட்ட பாடும் வீணாகவில்லை. திறந்து வைத்தால் விஷம் போகுமென்றால், ஆலைத் தண்ணீரையும் திறந்தே வைப்போமே? துரை தலையாட்டினார். குளம் வெட்டி, தண்ணீரை வெயிலில் கிடக்கவிட்டு, பிறகு ஓடைக்குத் திறந்தோம். நாலு இடத்தில் காகிதம் தொங்கவிட்டேன். நாலும் மஞ்சள். வீரம்மாவைக் கூப்பிட்டு, அவிழ்த்துவிடு என்றேன். மாடுகள் வயிறு முட்டக் குடித்தன. நான் நகரவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நல்ல தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் ஏங்கய்யா மாட்டு வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

எந்தக் கருவியையும் தாராளமாக நம்பலாம், மறுநாள் காலையில் மாடு அசைபோடுவதைப் பார்த்த பிறகு.