கையுறைக்கு வந்த இரண்டாவது பெயர்

முதலாளி முன்மாதிரியாக நடந்துகொள்வதை ஓர் ஊழியர் எப்படித் தடுப்பது? சமூகப்பணியில் முதுகலை முடித்த என்னிடம் இந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. தலைவர் முன்னால் நடந்தால் குழு பின்னால் வரும் என்று மட்டுமே கற்பித்தார்கள். தலைவர் தவறான பக்கம் நடந்தால் குழு இன்னும் வேகமாக வரும் என்பதை, மங்கலம் சாலையில் உள்ள ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் செக்ஷனில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பகுதிக்கு நான் பொறுப்பாளர். நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, செங்குத்தாக ஓடும் கத்தி மிஷினால் வெட்டுவார்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் இடது கைக்கு, இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை உண்டு. அதற்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் 'ஆடிட்'. சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆடிட்டர் பாதுகாப்பைச் சோதிக்க வரும் நாளில் மட்டும் அது பீரோவைவிட்டு வெளியே வரும் என்பதே காரணம்.

இதை மாற்ற எண்ணி, நான் நாள்தோறும் கையுறை அணிந்து மேசையைச் சுற்றிவந்தேன். அந்தக் கட்டடத்திலேயே மிகப் பாதுகாப்பாக இருந்தது, எதையும் வெட்டாத என் கைதான். எனக்கு 'ஆடிட் மேடம்' என்ற பட்டம் கிடைத்தது. இருந்தும், என் நச்சரிப்புத் தாங்காமல் ஒவ்வொருவராக அணியத் தொடங்கினார்கள். கடைசிவரை மறுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தாவீது. கத்தி ஒருமுறை நகத்தைச் சீவிய பிறகும் சிரித்துக்கொண்டே வெட்டியவர். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம்.

"யக்கா, இத மாட்டுனா துணி கைல நிக்க மாட்டேங்கு."

"வெரலு போயிருச்சுன்னா மோதிரம் எங்கீங்க நிக்கும்?"

முனகியபடியே மாட்டிக்கொண்டார். என் சாதனையில் நான் மகிழ்ந்திருந்த அந்த வாரம்தான், ஒரு ஷிப்மென்ட் தாமதமாகி முதலாளி நேரில் வந்தார். அவர் துணி வெட்டும் கட்டராக வாழ்க்கையைத் தொடங்கியவர். சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு மிஷினைப் பிடித்தார்.

"தள்ளு கண்ணு. வெட்டறதுன்னா எப்படின்னு பாரு." பிறகு என்னிடம், "வேலைக்காரங்களோட நாமளும் நின்னாத்தானுங்க அம்மிணி வேலை ஓடும்" என்றார்.

வெறும் கையால் வெட்டினார். கழுத்து வளைவுகள் பிசிறில்லாமல் வந்தன. அதை மறுக்க மாட்டேன். நிர்வாகவியல் நூல்கள் பாராட்டக்கூடிய அந்தக் காட்சியின் உடனடி விளைவாக, கையுறைகள் ஒவ்வொன்றாக மேசைக்கடியில் விழுந்தன.

"மொதலாளியே போடல. எனக்கு மட்டும் என்னத்துக்குக்கா?" என்ற தாவீது, முதலாளியுடன் போட்டிக்கு இறங்கினார். அவருடைய வெறும் விரல்களுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

தாவீதைக் கண்டித்தால் முதலாளிக்கு மட்டும் விலக்கா? முதலாளியை எல்லோர் முன்னும் கண்டித்தால் என்ன ஆகும்? விளைவுகளை நான் நிதானமாக எடைபோட்டு முடிப்பதற்குள், என் கை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டது.

"கரண்டு போச்சுங்களா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. ஆடிட்டுங்க" என்று கையுறையை நீட்டினேன்.

பட்டப்பெயர்களை யாரும் முதலாளியிடம் சொல்வதில்லை. அவர் கையுறையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்.

"இன்னிக்கா? முன்னாடியே சொல்ல மாட்டீங்களா அம்மிணி!" என்று என் கையிலிருந்ததைப் பறித்து மாட்டிக்கொண்டார். "எல்லாரும் மாட்டுங்க சாமி! அவசர வழியில கெடக்கற பண்டலை எடுங்க! ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸைப் பாருங்க!"

முதலுதவிப் பெட்டியிலிருந்து யாருடைய சீப்போ வெளியேறியது.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம் முடியும்முன் கையுறைகள் கழன்றுவிடும். நான் பேசாமல் சுவிட்சைப் போட்டேன்.

முதலாளி கையுறையுடன், அவ்வப்போது வாசலைப் பார்த்துப் புன்னகைத்தபடி வெட்டினார். கடைசி அடுக்கு முடியும் தறுவாயில், கத்தி இரும்பில் உரசும் ஒலி கேட்டது. தாவீது மிஷினை நிறுத்திவிட்டு, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார்.

"இருக்குக்கா" என்றார்.

முதலாளியும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலை எட்டிப் பார்த்து, "ஆடிட்டரு இன்னும் வரலீங்களே?" என்றார்.

தாவீது இடது கையை உயர்த்தினார். "வந்துட்டாரு மொதலாளி. இவருதான்."

கையுறையின் பெயர்க்காரணத்தை நான் விளக்க வேண்டியதாயிற்று. முதலாளி தம் கையிலிருந்த கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரீங்க, எனக்கு என்ன பேரு வெச்சிருக்கறீங்க?"

எல்லோரும் திடீரென்று துணியை மடிப்பதில் மும்முரமானார்கள்.

இப்போது கையுறைகள் பீரோவில் இருப்பதில்லை. முதலாளி கட்டிங் பக்கம் வந்தால், முதல் வேலையாக ஒன்றை மாட்டிக்கொள்கிறார். அவர் மாட்டுவதால் மற்றவர்களும் மாட்டுகிறார்கள். நான் நச்சரிப்பதை நிறுத்திவிட்டேன். 'ஆடிட்' என்ற பெயரும் வழக்கொழிந்துவிட்டது. காலையில் மிஷினைத் தொடும்முன் தாவீது, மோதிரம் மின்னும் கையை நீட்டிக் கேட்கிறார்:

"யக்கா, மொதலாளிய எங்க வச்சிருக்கீய?"

கையுறையைத்தான் கேட்கிறார்.