பெண்டிங் நில்

1. வாசலில் நாற்பது பேர்

கொரோனாவின் முதல் ஊரடங்கைத் தளர்த்திய வாரம். செய்யூர் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்கு நான் செயலர். காலையில் அலுவலகத்தைத் திறக்கப் போனால் வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். மாமல்லபுரத்தில் சங்கும் பாசிமணியும் விற்றவர், சிறுசேரியில் கேப் ஓட்டியவர், அங்கேயே சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்த்த பெண்கள். அதுவரை நூறு நாள் வேலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், இப்போது மண் வெட்டத் தயாராக வந்திருந்தார்கள்.

சட்டம் எளிது. வேலை கேட்டு வருகிறவரிடம் மனு வாங்கி, தேதி போட்டு ரசீது தர வேண்டும். பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலத்துக்குப் படி தர வேண்டும். என் கையில் இருந்ததோ ஒரே ஒரு கால்வாய் தூர்வாரும் வேலை. வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

“குடுக்க முடிஞ்ச அளவுக்கு மட்டும் டிமாண்ட் ஏத்துங்க. மீதிப் பேரை வாயால சொல்லி அனுப்பிடுங்க” என்றார் அதிகாரி.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் ஆபீஸில் ஒரு மனு கிடப்பில் இருந்தாலே எனக்குப் பொறுக்காது. மாசக் கடைசி அறிக்கையில் ‘பெண்டிங் நில்’, அதாவது பாக்கி ஏதுமில்லை, என்று எழுதுவதில் அப்படி ஒரு திமிர். பதினெட்டுப் பேர் வேலை கேட்டதாக மட்டும் கம்ப்யூட்டரில் டிமாண்ட் ஏற்றி வேலை கொடுத்தேன். மற்றவர்களை மனு வாங்காமலே அனுப்பிவிட்டேன்.

2. செல்வி

அனுப்பியவர்களில் செல்வி ஒருத்திதான் விடாமல் வந்தாள். சிறுசேரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள். அவள் வேலை பார்த்த ஆபீஸையே பூட்டிவிட்டார்கள்.

“இன்னா சார் ஆச்சு நம்ம வேலை?”

“ஃபண்ட் வரட்டும்மா. அடுத்த வாரம் வா.”

“வாரா வாரம் வந்துகினுதான் கீறேன். பொண்ணு பிளஸ் ஒன் சார், போன்லதான் பாடம் நடக்குது. வூட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறது. நீ வேலை குடுக்கலன்னா அவ படிப்ப நிறுத்திட்டு ஏதாச்சும் ஃபேக்டரிக்குத்தான் அனுப்பணும். கேட்டேன்னு ஒரு சீட்டாவது எழுதிக் குடு சார்.”

“சீட்டைப் போட்டா சோறு பொங்கப் போற? போம்மா, சொல்லி அனுப்பறேன்.”

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவி, அந்தச் சீட்டுதான் அவளுடைய உரிமை என்று தெரிந்தே சிரித்தேன். ஐந்து முறை வந்தாள். ஆறாவது முறை வரவில்லை.

3. பட்ஜெட்

பிப்ரவரியில் டி.வி.யில் மத்திய பட்ஜெட். நோயால் படுத்துவிட்ட நாட்டை எழுப்பப்போகிறோம் என்றார்கள். சாலை, பாலம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தது. நூறு நாள் வேலைக்கு முந்தின வருஷம் செலவழித்ததைவிடக் குறைத்திருந்தார்கள். வாய்க்கு வந்தபடி டில்லியைத் திட்டித் தீர்த்தேன்.

அதற்கப்புறம் வட்டார அலுவலகத்தில் ஒரு கூட்டம். எழுந்து நின்று, “எங்க ஊர்ல ஜனங்க வேலை இல்லாம தவிக்கிறாங்க சார். கூட ஒதுக்கச் சொல்லுங்க” என்றேன்.

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். “உங்க ஊர்ல கேட்டவங்க அத்தனை பேருக்கும் வேலை குடுத்தாச்சுன்னு இருக்கே. பெண்டிங் நில். நீங்க போட்டதுதானே? கேக்காத ஊருக்கு எதை வெச்சுய்யா நான் ஒதுக்கீட்டை ஏத்தறது?”

வாயால சொல்லி அனுப்பச் சொன்ன அதே மனிதர்தான். ஆனால் எழுதியது என் கை. மற்ற ஊராட்சிச் செயலர்களும் குனிந்துகொண்டார்கள். எல்லோரும் ‘நில்’ போட்டவர்கள்தான். மல்லாக்கப் படுத்து எச்சில் துப்பிய கதை. எங்கள் ஒரு ஊரால் நாட்டின் பட்ஜெட் குறைந்தது என்று சொல்லவில்லை. ஊருக்கு ஊர் இப்படி எழுதினால் டில்லிக்காரனுக்கு எந்தக் கஷ்டம் தெரியும்?

4. அவள் கேட்ட கேள்வி

மறுநாளே மனுப் படிவத்தோடு செல்வி வீட்டுக்குப் போனேன்.

“எழுதிக் குடும்மா. இன்னைக்கே ரசீது தர்றேன்.”

“பொண்ணு ஃபேக்டரி வேன்ல வேலைக்குப் போயிகினு கீறா சார், ரெண்டு மாசமா. இஸ்கூல்ல பேரை அடிச்சிட்டாங்க.” படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அஞ்சு வாட்டி வந்தேனே, அது இதுல இல்லியா?”

“இல்லம்மா.”

“அப்ப நான் கேக்கவே இல்லன்னா கீது?”

“ஆமாம்மா” என்றேன்.

இன்று அந்தச் செயலர் நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கேட்டவர் பெயரை எழுதுங்கள். கொடுக்க முடியவில்லையா, அதையும் எழுதுங்கள். மேலே இருக்கிறவர் கத்துவார், மெமோ கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். மெமோவால் எந்தப் பெண்ணின் படிப்பும் நின்றதில்லை.